பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்கு ஒரு பாட்டு

...பாட்டப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, பிளக்க மட்டும் புடுங்கத் தெரியும்! முன்ன நான் பாட்டு போட்ட ஒரு கல்யாணத்துல, மாப்பிள்ளைக்க அண்ணனத்தான் சொல்லுகேன். இருங்க தம்பி, இந்த ஸ்பீக்கர் பெட்டி மேலயே இருங்க, ஒண்ணும் ஆவாது. அல் கூஸ்ல இந்த குடோன கண்டுபிடிச்சு வாறதே பெரிய பாடு. விமல்னுதானே சொன்னிய? உங்க ரிசப்ஷனுக்கு சவுண்டு வேணும், பாட்டு போட ஆளும் வேணும். ஆளு நாந்தான். இன்பமணி. பொறவு... வெளிய எங்கயாவது என்னப் பத்தி விசாரிச்சியளா? விசாரிக்காதிய. வேற மாதிரி சொல்லுவானுவ.

அந்தக் கல்யாணப் பொண்ணு சுபிஷான்னு ஒரு பிள்ளை. எங்க குளச்சல் பக்கந்தான், இங்க அரபு நாட்டுல நர்சு. எங்க ஆளுவளுக்கு ஒரு பழக்கம் உண்டு தம்பி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஹால் வாசல்ல வந்து நிப்பாவ. பாடுறவன் முத வார்த்தைய பாடினதும் வலது கால உள்ள வைக்கணும். அதுக்கு முன்ன வைக்கப்பிடாது. வீட்டுல பிராக்டிஸ் எல்லாம் பண்ணிட்டு வருவாவ. 'முத வார்த்தைக்கு நாங்க கால வைப்போம் அண்ணே'ன்னு அந்தப் பிள்ளையும் சொன்னா. சொல்லல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

பாட்டையும் அவளே வாட்ஸப்புல அனுப்பினா. இத்தாலிக்காரன் போட்ட டான்ஸ் பாட்டு, நான் கைக்குழந்தையா கெடந்த காலத்துல ஊரெல்லாம் ஹிட்டு. ஆனா அவ அனுப்பினது ரேடியோவுக்கு வெட்டினது. போட்ட உடனே பாடத் தொடங்கிருவான். எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. அந்தப் பாட்டுக்க மதிப்பு பாடுறதுலயா இருக்கு? டிரம்முலல்லா இருக்கு! முழு பாட்டுல, பாடுறதுக்கு முன்ன டிரம் மட்டும் தனியா கெடந்து அடிக்கும். டும், டும், டும், டும்... ஒரே சீரா. அமெரிக்கால சிக்காகோன்னு ஒரு ஊரு. அங்க கிளப்புல பாட்டு போடுற பயலுவ என்ன செஞ்சானுவ? இந்த மாதிரிப் பாட்டுல ஒரே ரெக்கார்டு ரெண்டு வாங்கி, ஒண்ணுல டிரம் தீருகதுக்கு முன்ன மத்ததுல தொடங்கி, அது தீருகதுக்கு முன்ன இதுல... பாட்டே வராது! பொறவு மிஷின வாங்கி அந்த அடிய அவனுவளே அடிச்சானுவ. அதுதான் ஹவுஸ் மியூசிக்கு. இன்னைக்கி இங்க உள்ள மெரினா கிளப்புல எல்லாம் குலுங்குதே, அதுக்கெல்லாம் பெத்த தாயி இந்தப் பாட்டுவதான்.

எனக்கு எப்பிடி தெரியும்னா, முன்ன எனக்க ரூம்ல ஒரு பிலிப்பினோ இருந்தான், கிளப்புல பாட்டு போடுறவன். அவன் சொல்லித் தந்தது. நல்ல பய. மொளகே போடாம மீன் கறி வைப்பான், அது மட்டும் சகிக்காது. என்ன சொன்னேன்... ஆங், தாயி. அந்தத் தாயிக்க கையையும் காலையும் வெட்டி வாட்ஸப்புல அனுப்பினா மனுஷனுக்கு எப்பிடி இருக்கும்?

அதனால நான் முழுசையும் போட்டேன். சிக்காகோ பயலுவ மாதிரியே, மாத்தி மாத்தி. ஹெட்போன மாட்டி, தலையக் குனிஞ்சு, கண்ண மூடி... நம்ப மாட்டிய தம்பி, கொஞ்சம் கழிச்சு ஒரு கண்ணத் தொறந்து பாத்தா, ஹால்ல ஒருத்தனும் உக்காந்திருக்கல்ல! பெருசுவ, பிள்ளைய, ஃபாதர் வரைக்கும் எழும்பி நிக்காவ. கை நெறைய பூவு வேற. மூஞ்சி எல்லாம் வாசல் பக்கம்... கூச்சமா இருக்கும்லா, ஆடிப் பழகாத சனம். எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு. இத்தன வருஷ சர்வீஸ்ல ஒரு ஹால் முழுக்க எனக்கு எழும்பி நின்னது அன்னைக்கித்தான். விடுவனா? இன்னும் நீட்டினேன்.

வாசல்ல பொண்ணு நின்னாளாம். கால் கடுத்து குதிகால் செருப்ப கழத்தி கையில எடுத்தாளாம். அழுதாளாம். நான் எங்க கண்டேன்? அதுக்குள்ள மாப்பிள்ளைக்க அண்ணன் வந்து பிளக்கப் புடுங்கிட்டான். அந்தப் பிள்ளை சத்தமில்லாத ஹால்ல, ஒரு கையில செருப்போட நடந்து வந்தா. ஃபாதர் இருமினது மட்டும் கேட்டுது. ஒரு கல்யாணத்துக்கு இது எவ்வளவு பெரிய கொற! எல்லாம் அந்தப் பிளக்கப் புடுங்கினவனால.

அதுல இருந்து நம்ம ஆளுவ ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல்ல. அன்னா கண்ணாடி ரூம்ல இருக்காரே, சதக்கத்துல்லா பாய், எங்க மேனேஜர், காலைலயே சொல்லிட்டாரு. இன்னைக்கி ஒரு புக்கிங்காவது நீ புடிக்கல்லன்னா கலாஸ், எல்லாம் தீந்துது, பாட்டு போடுற மிக்சரத் தொடப்பிடாது, நாளைல இருந்து வண்டில பெட்டி ஏத்துகதுதான் டியூட்டின்னு. எனக்க முதுகு பெட்டி தாங்குமா தம்பி? இந்த மிக்சர விட்டா இந்த ஊருல எனக்கு வேற என்ன இருக்கு? கர்த்தராப் பாத்துத்தான் உங்கள அனுப்பிருக்காரு.

உங்களுக்கும் என்ட்ரிக்கு பாட்டு வேணும்லா? போன உள்ள வையுங்க. வெட்டுப் பாட்டு நமக்கு வேண்டாம். எனக்கிட்ட முழுசு இருக்கு, இப்பப் போடுகேன். இல்ல இல்ல, நேரமாவாது. மிக்சர் சுவரு பக்கமா இருக்கு, நான் திரும்பி நின்னுதான் போடணும். நீங்க கண்ண மூடிக்கிடுங்க. நானும் மூடுகேன்.

டும்... டும்... கேட்டியளா? இப்ப ஒரு கைதட்டு வந்து சேரும்... ஆங்! இன்னா, அடுத்ததுக்கு மாத்துகேன்... மாத்தினது தெரிஞ்சுதா? தெரியாது! அதுதான் தொழிலு. உங்க பொண்ணு வாசல்ல வந்து நிக்கா... சனம் எல்லாம் எழும்பி நிக்காவ... எப்பிடி இருக்கு தம்பி?

தம்பி?

விமல் தம்பி?

...பாத்ரூமுக்கு போயிருப்பாரு. வெளிய கார் எடுக்க சத்தம் வேற யாராவதா இருக்கும்.

என்ன பாய்? ...ஆமா, போயிட்டாரு போல. ...எந்த வண்டி? நாளைல இருந்துன்னுல்லா சொன்னிய? ...இப்பவேயா? சரி, வாறேன். பாய், பாய்! பிளக்குல கை வைக்காதிய பாய். இன்னும் பாட்டு வரல்ல.