முப்பத்தொன்றாம் எண் பை

போன் அடித்தால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. டெலிபோன் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் அடித்தால்கூட என் கை ஒருமுறை எழும்பி அடங்கும்.

சுபத்ரா மேடம், ஏரிக்கரை இசை விழாவின் செயலாளர் என்ற முறையில், விழாவின் கடைசி நாளன்று உதயாவுக்கு வந்த அழைப்பைப் பற்றி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதுவதைப் போலீசில் கொடுக்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கொடுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் நியாயம் புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்வதில்லை. என் மனைவி ரத்தினபாய் பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனேவுக்குப் போய் நான்கு வருடமாகிறது. அங்கே எனக்கு வேலையில்லை, இங்கேயும் இல்லை. காலையில் சிட்லபாக்கம் ஏரியை ஐந்து சுற்று சுற்றுவேன். வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்தால் இரண்டாம் பக்கம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். மோட்டாரை நிறுத்தினேனா என்று பார்ப்பேன், கேட்டைப் பூட்டினேனா என்று பார்ப்பேன், மறுபடியும் மோட்டார். விழாவுக்குத் தொண்டு செய்ய வந்ததே இதனால்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. சர்ச்சில் பாடும் பாட்டுகளைத் தாண்டி எல்லா ராகமும் எனக்கு ஒன்றுதான். ஆனால் நாற்காலி போடவும், தண்ணீர்க் கேன் நகர்த்தவும், வாசலில் நிற்கவும் சங்கீதம் எதற்கு?

முதல் வருடம் கடத்துக்காரர் தனி வாசித்துக்கொண்டிருந்தபோது நான்காவது வரிசையில் ஒருவரின் போன் சினிமாப் பாட்டுப் பாடியது. நீங்கள் அன்றே முடிவு செய்தீர்கள்: உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வாசலில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், கோயிலில் செருப்பு விடுவது போல. டெலிபோன்காரன் என்பதால் அந்த மேசையை என்னிடம் கொடுத்தீர்கள். போன்களைப் போட்டு வைக்க, எண் தைத்த துணிப்பைகள் இருநூற்றைம்பது. பழைய புடவைகளைக் கிழித்து அத்தனையையும் தைத்துக் கொடுத்தவள் உதயா.

அவளை எல்லோருக்கும் தெரியும். என் தெருவுக்கு அடுத்த தெருவில் தம்பி மோகன்ராஜோடு இருந்தாள், வீட்டிலேயே தையல். முப்பத்திரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு வருடமாக நம் விழாவே அவளுடைய டயாலிசிஸ் செலவுக்காகத்தான் நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தரைக்கு என் காரில் குரோம்பேட்டைக்குக் கூட்டிப் போவேன். நான்கு மணி நேரம் அவள் படுத்திருப்பாள், நான் வராந்தாவில் நடப்பேன். "நாற்காலி கடிக்காது அங்கிள், உக்காருங்க" என்று உள்ளேயிருந்து கத்துவாள். நர்சுகள் சிரிப்பார்கள். வாரத்தில் அந்த இரண்டு நாட்களில் நான் கேட்டைத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

இறந்தவரிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் பெயர் பதிவாகியிருந்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்திருந்தது. எந்த நேரமும் அழைப்பு வரலாம். வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். குளிக்கும்போதுகூட அவள் போனை ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டுதான் குளிப்பாளாம்.

விழாவுக்கு முந்தைய வெள்ளியன்று காரில் வரும்போது சொன்னாள்: "கிட்னி வந்துட்டா உங்களுக்கு செவ்வா வெள்ளி ரெண்டு நாளும் லீவு அங்கிள். என்ன பண்ணப் போறீங்க? ஏரிய பத்து சுத்து சுத்துவீங்களா?"

"சுத்திட்டா போச்சு" என்றேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

விழாவில் அவளுக்கு மட்டும் போனை வைத்துக்கொள்ள அனுமதி தந்தீர்கள். அவள்தான் கேட்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் மேசைக்கு வந்து போனை நீட்டினாள். "பையத் தச்சதே நான். நானே மடியில வெச்சுக்கிட்டு முதல் வரிசையில உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? உங்ககிட்டயே இருக்கட்டும். சைலண்ட்ல மட்டும் போடாதீங்க அங்கிள். அடிச்சா உடனே ஓடி வாங்க."

"ஓடுறதுக்கு என்னை விட்டா ஆள் ஏது?"

"அதான் உங்ககிட்ட குடுக்கறேன்" என்று சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டாள். முப்பத்தொன்று. மோகன்ராஜின் போன் முப்பத்திரண்டில்.

அழைப்பு வந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பேசினாள், சின்ன வயதுக் குரல். "உதயா இருக்காங்களா சார்? ஒரு கிட்னி வந்திருக்கு. மேட்ச் ஆகுது. ஒன்பது மணிக்குள்ள வந்து அட்மிட் ஆகணும். எதுவும் சாப்பிடாம வரச் சொல்லுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் அவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம் உங்களுக்கே தெரியும். யாருக்காக விழாவோ அவர் முதல் வரிசையில் இருக்க வேண்டும், கடைசி நாள் பொன்னாடை போர்த்தும்போதுதான் ஊர் நன்கொடையை அறிவிக்கும். ஒரு வருட உழைப்பு. இருநூறு பேர் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் ஓடிப்போய் அவளை எழுப்பினால் கூட்டம் கலைந்துவிடும். ஒரு பொது வேலையில் இருப்பவன் நான்கையும் யோசிக்க வேண்டும்.

"அவளுக்கு மூணு நாளா காய்ச்சல்மா" என்றேன்.

"எவ்ளோ சார்?"

"நூத்தி ரெண்டு."

காய்ச்சல் இருந்தால் மாற்று அறுவை செய்ய மாட்டார்கள். டயாலிசிஸ் வராந்தாவில் இரண்டு வருடம் நடந்ததில் இதெல்லாம் காதில் விழுந்திருந்தது. அந்தப் பெண் உச்சுக் கொட்டினாள். "அப்போ இந்தத் தடவை முடியாது சார். நீங்க யாரு?"

"அப்பா" என்றேன். அந்த அழைப்பில் யோசிக்காமல் வந்த வார்த்தை அது ஒன்றுதான்.

பிறகு அந்த அழைப்பைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

அந்தச் சிறுநீரகம் வீணாகவில்லை என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். அடுத்த இடத்தில் இருந்தவருக்குப் போயிருக்கும். அவருக்கும் குடும்பம் இருக்கும். உதயாவோ டயாலிசிஸிலேயே பத்து வருடம் நன்றாக இருப்பாள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இன்னொரு அழைப்பு எப்படியும் வரும். வந்தால் நானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

வரவில்லை. ஆகஸ்டில் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ஏறியிருந்தது. நான்தான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தெர்மாமீட்டரைப் பார்த்த நர்ஸ் நூற்று இரண்டு என்று எழுதியதை நான் பார்த்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டாள். பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான். அழுதேன் மேடம், அது நடிப்பில்லை. அவளை என் மகளாகத்தான் நினைத்தேன். அதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் கழிந்ததும் மோகன்ராஜ் அவள் பெயரை வரிசையிலிருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறான். ஜனவரியில் கூப்பிட்டோமே, அவங்க அப்பா எடுத்து காய்ச்சல்னு சொன்னாரே என்றிருக்கிறார்கள். அவனுடைய அப்பா இறந்து பதினோரு வருடம். என் வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றான். "அங்கிள், அன்னிக்கி போனெல்லாம் உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வாங்கிய தாளை அதோடு சேர்த்து இன்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அழைப்பு வந்த நேரம் ஏழு இருபத்திரண்டு. பொன்னாடை போர்த்தியது ஆறு ஐம்பதுக்கு; வீடியோவில் நேரம் ஓடுகிறது. நன்கொடையும் அறிவித்தாகிவிட்டது. எந்தக் கூட்டம் கலைந்திருக்கும் தனசிங் சார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

வந்ததிலிருந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.

சரி. பொன்னாடை அப்போது அவள் தோளில்தான் இருந்தது. மங்களம் பாடத் தொடங்கியிருந்தார்கள், பின்வரிசைக்காரர்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டார்கள். அவளை எழுப்பியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கார் வாசலிலேயே நின்றது, சாவி என் பையில். எட்டரைக்குள் சேர்த்திருப்பேன்.

நான் போனை உள்ளே போட்டு நாடாவை இழுத்துக் கட்டிய ஐந்தாவது நிமிடம் அவள் டோக்கனோடு வந்து நின்றாள். ஜரிகைப் பொன்னாடையில் வியர்த்திருந்தாள்.

"யாராவது கூப்பிட்டாங்களா அங்கிள்?"

"இல்லைம்மா."

"இன்னிக்கும் இல்லையா" என்று சிரித்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். "சரி, அப்போ செவ்வாக்கெழம?"

"அஞ்சரைக்கு வந்துடறேன்" என்றேன்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போகிற வரை பார்த்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று நாளாக எனக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். எல்லோரும் போனை வாங்கிக்கொண்டு போன பிறகும், வெகுநேரம், எழுந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.