ஆறு வெள்ளைத் தட்டுகள்

வெள்ளைத் தட்டைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது அத்தை, காதால் கேட்டு வாங்க வேண்டும். விரல் நுனியில் தட்டை நிறுத்தி, இன்னொரு கையின் நகத்தால் ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டினால் போதும். நல்ல தட்டு டிங் என்று சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் டொக் என்று வாயை மூடிக்கொள்ளும்.

விளக்கைப் போடாதீர்கள். நீங்கள்தானே ஏன் தூங்கவில்லை என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆறு தட்டுகளையும் அம்மாவும் நானும் அப்படித்தான் வாங்கினோம். கடையிலிருந்த அத்தனை தட்டுகளையும் அம்மா சுண்டிப் பார்த்தாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, தட்டு வாங்க வந்தீங்களா, கச்சேரி பண்ண வந்தீங்களா?” என்றார். அப்பாவைப் பிரிந்து போனபோது அம்மா துணிகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டாள். தட்டுகளை எனக்காக விட்டுப் போனாள் என்று நினைக்கிறேன். பெட்டியில் இடமில்லை என்று அப்பா சொல்கிறார்.

அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கம்பி நார் போட்டால் கறுப்புக் கோடு விழும், அதனால் பஞ்சுதான். ஒன்றின் மேல் ஒன்றை அப்படியே அடுக்காமல் நடுவில் துணி வைப்பேன். கழுவிய கையோடு துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் தண்ணீர்த் தடம் விழுந்துவிடும், வெள்ளையில் அது உடனே தெரியும்.

பிறகு சித்தி வந்தார், கூடவே அவருடைய மகனும். சித்தியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பையனுக்கு வேர்க்கடலை ஆகாது, துளி பட்டாலே தொண்டை வீங்கிவிடும். அப்பாவுக்கும் எனக்கும் தினமும் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் வேண்டும். வேறு யாராவது என்றால் அதை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். சித்தி அப்படிச் செய்யவில்லை. “நீங்க ரெண்டு பேரும் ஏன் வாயைக் கட்டணும்? அவனுக்குத் தனியா ஒரு தட்டு, தனியா ஒரு பஞ்சு வச்சுட்டாப் போச்சு” என்றார்.

பிளாஸ்டிக் தட்டுதான் வாங்கி வந்தார். அவன் அதைத் தொடவே இல்லை. “எனக்கும் அக்கா தட்டு மாதிரிதான் வேணும்” என்று ஒரே அடம். சித்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமாம்மா?” என்றார்.

“எடுத்துக்கோங்க சித்தி, இதுக்கெல்லாம் கேக்கணுமா?” என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன், நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஆறும் ஒரே மாதிரி இருந்ததால், அவன் தட்டின் அடியில் சித்தி சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். தட்டைக் கவிழ்த்தால்தான் தெரியும். ஆனால் தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பவள் நான்தானே. ஒவ்வொரு நாளும் ஐந்து வெள்ளை, ஒரு சிவப்புப் புள்ளி. முகத்தில் பரு வந்த மாதிரி.

பையன் என்னிடம் ஒட்டிக்கொண்டான். நான் சுண்டிப் பார்ப்பதைப் பார்த்து அவனும் கற்றுக்கொண்டான். சாப்பிட உட்காரும் முன்பு சுண்டிவிட்டு, “அக்கா, என் தட்டு பாஸ்” என்பான். சில நாள் எனக்குச் சிரிப்புக்கூட வரும்.

என் தட்டில்தான் விரிசல் விழுந்தது. சூடான தட்டைக் குழாயடியில் காட்டிவிட்டேன், என் தப்புதான். முடி போல ஒரு கோடு, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். கடைக்காரரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். “விரிசல் விட்டா தட்டு எண்ணெயைக் குடிக்க ஆரம்பிச்சிடும்மா. எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள போனது வெளிய வராது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு” என்றார். அதே மாதிரித் தட்டு இப்போது வருவதில்லை என்றும் சொன்னார்.

நான் தூக்கிப் போடவில்லை. அதிலேயே தினமும் ரொட்டி சாப்பிட்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் அத்தை. வீட்டில் ஒரு தட்டு பழுது, ஒரு தட்டில் புள்ளி. இரண்டு குறையும் ஒரே தட்டில் இருந்துவிட்டால் மற்ற ஐந்தும் சுத்தமாக இருக்கும். யாராக இருந்தாலும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். நல்ல தட்டிலிருந்த புள்ளியைப் பஞ்சில் நகப்பூச்சு அழிக்கிற மருந்து தொட்டுத் துடைத்தேன், வந்துவிட்டது. விரிசல் தட்டின் அடியில் அதே மாதிரிப் புள்ளி வைத்தேன். அந்தச் சிவப்பு சுலபத்தில் கிடைக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அன்று காலை அந்தத் தட்டில் கடைசியாக ஒரு முறை ரொட்டி சாப்பிட்டேன். பிறகு கழுவினேன். கழுவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மாலையில் அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சித்தி குளித்துக்கொண்டிருந்தார். நான் பையனுக்கு முட்டை பொரித்துப் போட்டேன். எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தேன், மொறுமொறுப்பாக இருந்தால்தான் அவனுக்குப் பிடிக்கும். அவன் வழக்கம்போல ஓரத்தில் சுண்டினான்.

“அக்கா, டொக்குங்குது.”

“உன் காது அடைச்சிருக்கும். முட்டை ஆறிடும், சாப்பிடு.”

இன்னொரு தடவை சுண்டினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிட்டான். நான் சொன்னால் கேட்கிற பையன்.

நான் திரும்பி நின்று மற்ற ஐந்து தட்டுகளையும் கழுவினேன். இருமல் கேட்டது. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மேஜையில் கையால் தட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் சித்தியிடம் சொன்னேன்.

அவனுக்குத் தொண்டை அடைத்தால் போடுகிற ஊசி மருந்து ஃபிரிட்ஜுக்கு மேலே டப்பாவில் இருந்தது, கை நீட்டினால் எட்டும். ஆனால் தட்டுகள் ஈரமாக இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்தேன், நடுவில் துணி வைத்து அடுக்கினேன். அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவை இடித்தேன். சித்தி ஈரத் தலையோடு ஓடி வந்து ஊசியைக் குத்தினார்.

மருத்துவமனையில் டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் எல்லோருக்கும் போனில் சொன்னீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பையன் இல்லை, இந்தப் பெண்தான் காப்பாற்றினாள் என்றாரே. சித்தி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா முதல் தடவையாக என் தலையைத் தடவினார். அதையெல்லாம் நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகக் கொடுத்தார்கள்.



இன்று சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன். சித்தி மருந்து வாங்க வெளியே போனதும் பக்கத்தில் வரச் சொன்னான். குரல் இன்னும் சரியாகவில்லை. “அக்கா, டொக்குன்னுதானே கேட்டுச்சு?” என்றான். நான் அவன் போர்வையைச் சரிசெய்தேன். “நான் அம்மாகிட்ட சொல்லல” என்று போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டான். அப்போதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தேன். சொல்லாமல் இருப்பான் என்று நினைக்கவே இல்லை.

நாளைக்கு வீட்டுக்கு வருகிறான். பழைய தட்டு ராசியில்லை, நீயே பார்த்து வேறொன்று எடுத்து வை, உனக்குத்தான் தட்டைப் பற்றித் தெரியும் என்று சித்தி சொல்லியிருக்கிறார். அலமாரியைத் திறந்து பார்த்தேன். புள்ளியை நேற்றே அழித்துவிட்டேன். இப்போது ஆறும் ஒரே வெள்ளை, பார்க்க அவ்வளவு அழகாக இருக்கின்றன. எது எது என்று சுண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தத் தட்டு இன்னும் ஏன் அங்கே இருக்கிறது என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இத்தனை வருஷம் வீட்டில் ஒன்றாக இருந்ததை, ஒரு விரிசலுக்காகத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரியா, அத்தை?