நான்காம் வார்டு மோட்டார்

ஐயா, அந்த மூலையில் ஓடும் மின்விசிறியை நிறுத்திவிடலாம். அதன் கீழே யாரும் இல்லை. மின்சாரம் இப்படி வீணாவதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

பெயர் அர்த்தநாரி. வெண்ணந்தூர் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பேரூராட்சியில் நான் சுயேச்சை கவுன்சிலர். மற்றவர்கள் இரண்டு கட்சியாகச் சரிபாதி.

ஊருக்குத் தண்ணீர் ஏற்றுவது ஐந்து பழைய மோட்டார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு குடத்துக்கான மின்சாரத்தைக் குடிப்பவை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது மோட்டார் வாங்கத் தீர்மானம் எழுதியவன் நான்தான். புதியது வந்தால் என் கடைக்கு வேலை குறையும். தெரிந்தேதான் எழுதினேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பதினொரு கூட்டம் நடந்தது. புது மோட்டார் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கல்வெட்டில் எந்தக் கட்சிக்காரர் பெயர் மேலே வருவது என்பதுதான் தகராறு. ஒரு தரப்பு தீர்மானத்தைப் படித்தால் மறு தரப்பு காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கும். வாக்கெடுப்புவரை ஒருநாளும் போனதில்லை.

நான்காம் வார்டில் தினமும் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறவன் செல்லமுத்து. தினமும் கடைக்கு வருவான்.

“ஏனுங்கண்ணா, புது மோட்டாரு எப்பத்தானுங்க வரும்? இது தொட்டாச் சுள்ளுங்குதுங்க.”

“அடுத்த கூட்டத்துல முடிச்சுருவாங்க சாமி.”

“அவிங்க முடிக்கறதுக்குள்ள இது என்னைய முடிச்சுருமுங்க” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் போன பிறகுதான் யோசித்தேன். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒரு சாவு விழுந்துவிட்டால் எந்தக் கட்சியும் கை தூக்காமல் இருக்க முடியாது.

மோட்டார் அறையின் சாவி ஒன்று என்னிடமும் உண்டு. பழுது பார்ப்பது நான்தானே. ஆயுத பூசைக்கு முதல் நாள் போய், கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியைக் கழற்றினேன். சுவிட்ச் போடாமலே மோட்டாரின் உடம்பில் மின்சாரம் நிற்கும்படி இன்னொரு கம்பியை மாற்றினேன். பத்து நிமிட வேலை.

மற்ற நாட்களில் செல்லமுத்து ரப்பர் செருப்போடு நின்று, குச்சியால்தான் சுவிட்சைத் தட்டுவான். பூசை நாளில் அறையைக் கழுவிவிட்டு, செருப்பை வெளியே விட்டு, ஈரக் கையால் மோட்டாருக்குச் சந்தனம் வைப்பான். அந்தச் சந்தனத்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல சந்தனம்.

அவனுக்கு வேதனை தெரிந்திருக்காது. சாமி கும்பிடும்போது போவது எல்லாருக்கும் கிடைக்காது.

பன்னிரண்டாம் கூட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு இரங்கல் தீர்மானத்தை யார் படிப்பது என்று ஆரம்பித்தது.

“செத்தவன் எங்க கட்சிக்காரனுங்க.”

“அப்படீங்களா? அவனூட்டுல ஒரு கொடியாச்சும் இருந்துச்சுங்களா?”

நாற்காலி பறந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மோட்டார் பேச்சே வரவில்லை. அதே மோட்டாரை நானே சரிசெய்து பூட்டினேன். அவனுடைய வேலையை அவன் மனைவி ஜோதிக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன வாரம் கடைக்கு வந்தாள். “அண்ணா, பொங்கலுக்கு மோட்டாருக்குப் பொட்டு வச்சு மாலை போடட்டுங்களா? அவரு வருசம் தவறாமப் போடுவாருங்க.”

“போடு அம்மிணி. மாலை நான் வாங்கித் தாரேன்” என்றேன்.

நேற்று மதியம் பழுது பார்க்க வேண்டும் என்று போன எனக்கு அறையைத் திறந்துவிட்டவளும் அவள்தான். எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள். கழன்று கிடந்த எர்த் கம்பியைப் பார்த்தாள். எது எந்தக் கம்பி என்று செல்லமுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது. கதவை வெளியே பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஐயா. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள், அவ்வளவுதான். பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் கூட்டம். செத்தது பெண் என்றால் இரண்டு தரப்பும் கை தூக்கியிருக்கும்.