பச்சைக் கதவு

இல்ல மிஸ், டீய குடிங்க. ஆனா அந்தக் கம்ப்யூட்டர மூடிட்டுப் பேசுங்க.

எம் மக புஷ்பம் சொன்னா. அவ படிப்பிக்கிறப்ப வகுப்புல பின் வாங்குல குந்தி அதுல மார்க் தட்டுனது நீங்கதானாம். கரும்பலகைல எழுத்து எப்புடி, புள்ளைங்கள கேள்வி கேக்க வுடுறாளா, எல்லாம் போட்டா, டீச்சர் வேலைக்குத் தயாரா இல்லையான்னு அதுவே சொல்லுமாம். சொல்லட்டும். முப்பது வருசம் மேடையில பேசுனவன் நான். மூஞ்சப் பாத்தே சொல்லிருவேன்.

நல்ல மார்க்கா? சந்தோசம். அப்புறம் எதுக்கு வீட்டு விலாசம்? எதுக்கு இனம்? கணக்குப் படிப்பிக்க இனம் எதுக்குங்க?

ஓ, அதப் போடாட்டி பதிவு முடியாது. பதிவு முடியாட்டி நியமனம் இல்ல. நல்லா இருக்கு உங்க ஏற்பாடு.

சரி, கொழும்புல யாரு அதப் பாப்பாங்க? பாத்தீங்களா, உங்களுக்கே தெரியாது. போன மாசம்தான் போலீஸ்காரன் வந்து வீட்ல எத்தன பேருன்னு எழுதிட்டுப் போனான். இப்ப நீங்க. சிரிக்காதீங்க. றமீஸாங்கிற உங்க பேரும் அதுல எங்கயோ இருக்கும்.

லிஸ்ட்டப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். எண்பத்திமூணுல தொழிலாளர் சங்கச் செயலாளர் நான். இந்த லயத்துல வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கிற வீடுகளுக்கு நம்பர் கெடையாது. நோட்டீஸ் குடுக்கணுமே, நான்தான் ஒரு கொப்பி நோட்டுல யாரு வீடு எதுன்னு எழுதி வச்சேன். வீரய்யா, நீலக் கதவு. செல்லச்சாமி, தகரக் கதவு. சிங்களத் தோழர்மாரும் நோட்டீஸ் குடுக்க வருவாங்களே, அவங்களுக்காக சிங்களத்துலயும் எழுதினேன். தொழிலாளி எல்லாம் ஒண்ணுங்கிற காலம். எழுத்து முத்து முத்தா இருக்கும்.

அந்த ஜூலைக் கலவரத்துல, தமிழன அடிக்க வந்த கும்பல்காரனுங்க சங்க ஆபிச ஒடச்சானுங்க. அலுமாரிய நான் பூட்டல. அந்தக் கொப்பிய கையில வச்சுக்கிட்டுத்தான் இங்க வந்தானுங்க. கதவு நெறத்தப் பாத்துப் பாத்துக் கொளுத்துனானுங்க.

எங்க வீடா? எரியல மிஸ். எழுதுறவன் தன் வீட்ட எதுக்கு எழுதுவான்? புஷ்பம் அப்பக் கைக்குழந்த. நம்ம வீடு எப்புடித் தப்புச்சுன்னு அவ கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. கடைக்குத்தான் போயிருக்கா, இப்ப வந்துருவா. அவகிட்ட சொல்லிறாதீங்க.

சரி, கம்ப்யூட்டரத் தொறங்க. அவ பொழப்ப நான் கெடுக்கல. விலாசம் போடுங்க.

மஹய்யாவ லயம். நம்பர் இன்னமும் கெடையாது. பச்சைக் கதவு.