மஞ்சள் குடையை நோக்கி

பல்லைப் பிடுங்குவதிலும் பந்தயத்துக்குப் பழக்குவதிலும் ஒரே அளவு இரக்கம் காட்டும் எங்கள் பல் மருத்துவர் அக்கா, தலைவர் அவர்களே. முழங்காலுக்குத் தைலம் தடவி முன்வரிசையை மணக்க வைத்திருக்கும் மூத்தோர்களே. பெற்ற பிள்ளையை மடியிலும் பெறாத தூக்கத்தை இமையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே. பேச்சு எப்போது முடியும், தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

வருகிற ஞாயிறு நம் நீச்சல் மன்றத்திலிருந்து தலைவர், நான், இன்னொரு தம்பி என மூவர் டிரையத்லான் போட்டிக்குப் போகிறோம். ஒரே நாளில் நெடுந்தூரம் நீந்தி, நீந்திய ஈரம் காயுமுன் சைக்கிள் மிதித்து, மிதித்த கால் மடங்குமுன் ஓட வேண்டும். எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? என் கணவரும் அதைத்தான் கேட்டார். தெரிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதே வாக்குறுதி.

வழியனுப்பு விழாவில் வீர உரை ஆற்றச் சொன்னார் தலைவர். வீரம் கைவசம் இல்லை. சென்ற வாரக் கடைசியில் ஏரிக்கரையில் நடந்த பயிற்சியில் இவர்கள் என்னை ஏமாற்றிய கதைதான் இருக்கிறது. அக்கா, அந்த மணியின் மேலிருந்து கையை எடுங்கள்.

அவையோரே, இந்தப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்தபோது எனக்குக் குழந்தை கிடையாது. கொடுத்த பிறகு வயிற்றில் வந்தாள் மகள். போட்டி நடத்துபவர்கள் பெருந்தன்மையோடு என் இடத்தைத் தள்ளிவைத்தார்கள். ஒரே ஒரு முறைதான் தள்ளுவார்கள். இந்த முறை தண்ணீரில் இறங்கினால் உண்டு, இல்லையேல் இடம் போயிற்று. நீச்சலுக்குக் கெடு வேறு இருக்கிறது. கெடு தாண்டிக் கரையேறினால் சைக்கிளைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாதா? தெரியும். கையில் வலுவில்லையா? நடை பழகிவிட்ட பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டே வீடு பெருக்குகிற கை இது. நெஞ்சில் மூச்சில்லையா? குளிக்க மறுத்து ஓடும் அவளைத் துரத்திப் பாருங்கள், பிறகு பேசுவோம். பின் என்னதான் குறை? கண். கண்தான் குறை.

நம் நீச்சல் குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கிறது. ஏரிக்கு அடியில் யார் கோடு போடுவார்கள்? ஆகவே அவ்வப்போது தலையைத் தூக்கி, எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். நானும் பார்த்தேன், தாய்மார்களே. தவறாமல் பார்த்தேன். ஆனால் பார்த்தது எதிர்க்கரையை அல்ல. புறப்பட்ட கரையில், மஞ்சள் குடைக்கு அடியில், அப்பா மடியில் இருந்த மகளை. தொப்பி போட்டிருக்கிறாளா என்று பார்த்தேன். போட்டிருந்தாள். கழற்றிவிட்டாளோ என்று மறுபடியும் பார்த்தேன். கண் போன பக்கமெல்லாம் உடம்பும் போயிற்று.

கரையேறியதும், எங்கள் அணியின் மூன்றாம் ஆள், வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, எதற்கும் நேரம் குறிப்பதால் ‘கடிகாரம்’ என்று பெயர் பெற்றவன், நான் நீந்திய தடத்தைக் கைப்பேசியில் காட்டினான். கொசுவர்த்திச் சுருளைப் படம் பிடித்தது போல இருந்தது.

“அக்கா, நீங்க அக்கரைப் பக்கம் போகவே இல்ல. இங்கயே சுத்திட்டு இருந்திருக்கீங்க.”

“அலை தள்ளிடுச்சுடா.”

“எந்த அலை? ஏரி தூங்குதுக்கா.”

மாலையில் சைக்கிள் பயிற்சி. ஒவ்வொரு மேட்டிலும் இறங்கிக் கணவருக்கு ஒரு போன்.

“அழறாளா?”

“இல்லம்மா.”

“ஏன் அழல?”

இதற்கு எந்தக் கணவரிடமும் பதில் கிடையாது. அங்கே ஓர் ஐயா தலையாட்டுகிறார். உங்கள் அனுபவத்துக்கு என் மரியாதை, ஐயா.

சைக்கிளை நிறுத்தியதும் தலைவர் தீர்ப்புச் சொன்னார். “நாளைக்குக் காலைல அக்கரைக்கு நேரா நீந்து, கெடுவுக்குள்ள. முடியலையா, பேரை எடுத்துடு. போட்டி அன்னிக்கு நடு ஏரில நீ சுத்திட்டு இருக்கறத என்னால பார்க்க முடியாதும்மா.” மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் பிடுங்கினார். கைதட்டுங்கள், தட்டுங்கள். வலித்தது எனக்குத்தானே.

ஞாயிறு காலை. கணவரையும் மகளையும் ஏரிக்கரை விடுதி அறையில் தூங்கவிட்டுச் சிறிது ஓடிவிட்டுக் கரைக்கு வந்தேன். படகில் துடுப்போடு உட்கார்ந்திருந்த தலைவர் அக்கரையைக் காட்டினார்.

“அங்க பாரு, மஞ்சள் குடை. நீ ஓடப் போனதும் கடிகாரம் அவங்க ரெண்டு பேரையும் கார்ல கூட்டிட்டுப் போயிட்டான். உன் பொண்ணு தொப்பியோட உக்காந்திருக்கா, தெரியுதா?”

தெரிந்தது. குடை தெரிந்தது, குடைக்குக் கீழே தொப்பி தெரிந்தது. அதன் பின் என்ன தெரிய வேண்டும் எனக்கு? பாய்ந்தேன். வில்லை விட்ட அம்பு வளையுமா? நான் வளையவில்லை. பக்கத்தில் படகு திணற, பின்னால் நுரை பறக்க, அக்கரை ஏறி, துண்டு சுற்றி உட்கார்ந்திருந்த என் செல்வத்தை அள்ளி மார்போடு அணைத்தேன்.

சைக்கிள் பம்ப்.

சைக்கிள் பம்ப்புக்குத் துண்டு சுற்றி, என் மகளின் தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள், அவையோரே.

“கெடுவுக்கு ரொம்ப முன்னாடியே வந்துட்டீங்கக்கா” என்றான் கடிகாரம்.

“குழந்தை எங்கடா?”

“ரூம்லதான். இன்னும் எழுந்திருக்கவே இல்லையாம்.”

அடித்தாயா என்று கேட்கிறார் ஓர் அம்மா. பம்ப்பை ஓங்கினேன், அம்மா. அவன் ஓட்டத்திலும் கெட்டிக்காரன்.

தலைவர் வெற்றி என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. போட்டி நாளில் யார் எனக்குக் குடை பிடிப்பார்கள்? “ஏமாந்து நீந்துனது செல்லாதுக்கா. இன்னொரு தடவை போறேன். இல்லன்னா பேரை எடுத்துடறேன்” என்றேன். மகள் விழித்த பிறகு, அவளைக் கணவரிடம் கொடுத்து, புறப்பட்ட கரையிலேயே இருவரையும் உட்கார வைத்துவிட்டு, அக்கரையில் உயர நின்ற தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்து இறங்கினேன். நடு ஏரியில் மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மகள் மண் தின்றுகொண்டிருந்தாள். கணவர் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.

தாய்மார்களே, உங்கள் முகம் போகும் போக்கு இங்கிருந்தே தெரிகிறது. என் முகமும் அப்படித்தான் போயிற்று. கரைக்குத் திரும்ப உடம்பு வளைந்தது. அப்போது கேட்டேன் என்னையே: நான் பார்ப்பதால்தான் அவள் மூச்சு விடுகிறாளா? நான் பார்க்காவிட்டால் அவள் அப்பாவுக்கு விரல் இல்லையா? நான் போய்த்தான் அந்த மண் வெளியே வர வேண்டுமா? இரண்டாவது பிடியும் உள்ளே போயிற்று. நான் தலையைத் திருப்பினேன். தொட்டியைப் பார்த்தேன். தொட்டியை மட்டும் பார்த்தேன். அக்கரையைத் தொட்டேன், கெடுவுக்குள் தொட்டேன், குடை இல்லாமல் தொட்டேன்.

பெயரை எடுக்கவில்லை. ஞாயிறு இறங்குகிறேன். நேற்றுக் கணவர் கேட்டார், “போட்டி அன்னிக்கு நாங்க எங்க நிக்கணும்?”

“ஓட்டம் முடியற கோட்டுல நில்லுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் என் கண்ணுலயே படக்கூடாது.”

பேச இடம் தந்த மன்றத்துக்கும், பொறுமையாகச் சிரித்த உங்களுக்கும் நன்றி. ஏமாற்றிய இருவரையும் இன்னும் மன்னிக்கவில்லை, நன்றியை மட்டும் இப்போதைக்கு வாங்கிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தேநீருக்கு வழிவிட்டு அமர்கிறேன்.