கருப்புக் கோட்டுக்காக ஒரு மனு

...மூச்ச உள்ள இழுக்காதீங்க சார். அப்புறம் பட்டன் போட வராது, என்னத்தான் திட்டுவீங்க. இயல்பா நில்லுங்க. நாப்பத்திரண்டு. போன தடவ நாப்பது. பரவால்ல, கேஸெல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம்.

வேர்க்குதா? வேர்க்கத்தான் செய்யும். ஃபேன்லேர்ந்து வர்றதும் அனல்தான். ஜன்னலத் திறக்கச் சொல்லாதீங்க, இன்னும் மோசமாயிடும். எதுக்க கோர்ட்டோட பின்சுவரு தெரியுதா? பதினெட்டு ஏசி. பதினெட்டோட முதுகும் இந்தச் சந்தப் பாத்துத்தான். உள்ள நீங்க குளுகுளுன்னு வாதாடறீங்க, அந்தச் சூடு பூராவும் இங்க வந்து என் தலையில இறங்குது. நான் என்ன பாவம் பண்ணேன்னு கேக்கலாம்னு பாத்தா... பண்ணியிருக்கேன் சார். அதான் கொடும. சொல்றேன், கையக் கொஞ்சம் தூக்குங்க.

என் சம்சாரம்தான் இந்தக் கடையில காஜா எடுக்கறவ. பட்டன் ஓட்டைக்கு அவள மாதிரி கை கெடையாது. துணி சுத்தி வர்ற பேப்பரக்கூடப் படிச்சிட்டுத்தான் மடிப்பா. அவ சொன்னதுதான் இதெல்லாம். நான் அளவு நோட்டத் தவிர எதையும் படிச்சவன் இல்ல. கப்பல்ல வந்து நம்மள ஆண்டாங்களே, அவங்க ஊரு குளிரு ஊராம். கோட்டு வேணும், போட்டாங்க. இந்த வெயிலுக்கு வந்தும் கழட்டல. கழட்டினா அதிகாரின்னு யாரு மதிப்பா? காட்ட வெட்டிப் பருத்தி போட வச்சாங்க. பருத்திய ஏத்திட்டுப் போக ரயில் விட்டாங்க, தண்டவாளத்துக்கு அடியில போட்ட கட்டையும் நம்ம காட்டு மரந்தான். அந்தப் பஞ்சு அவங்க ஊருக்குப் போயி, மில்லுல நிலக்கரிய மலையாட்டம் குவிச்சு எரிச்சு, துணியாகி நம்மகிட்டயே திரும்பி வந்துச்சு. இங்க தறிக்காரன் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தான். அந்தப் புகை இருக்கே, அது கலைஞ்சு போயிடலையாம் சார். நூறு எரநூறு வருஷம் ஆனாலும் அதுல ஒரு பங்கு மேலயே நிக்குமாம், போர்வையப் போத்தின மாதிரி. வந்தவங்க கெளம்பிட்டாங்க. புகையும் போகல, கோட்டும் போகல.

திரும்புங்க, முதுகு எடுக்கணும்.

இத்தனையும் கேட்டுட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது அவங்க பண்ணது, நமக்கென்ன போச்சுன்னேன். அவ அதச் சொன்ன வருஷக் கோடையிலதான் கோர்ட்டுல ரெண்டு வக்கீலுங்க மயங்கி விழுந்தாங்க. வெயில் காலத்துல கோட்டு வேணாம், வெள்ளச் சட்ட போதும்னு பேச்சு வந்து, ஒரு கமிட்டி போட்டாங்க. ஆட்சேபணை இருக்கறவங்க எழுதிக் குடுக்கலாம்னு வாசல்ல நோட்டீஸ் ஒட்டினாங்க. ஒருத்தனுக்கு இருந்துச்சு சார். உங்க பின்னாடி டேப்போட நிக்கறானே, அவனுக்கு.

என்ன செய்ய, எனக்கு இந்தக் கோட்டு ஒண்ணுதான் தெரியும். சட்ட தைக்கச் சொன்னா காலர எந்தப் பக்கம் வைக்கறதுன்னு முழிப்பேன். இந்தத் தெருவுல இருக்கற தையக்காரங்க பத்து பேரச் சேத்துக்கிட்டு, சங்கம்னு ஒரு பேரு வச்சு, மூணு நாள் உக்காந்து மனு எழுதினேன். அவ வேணாம்னா. கேக்கல. நல்ல நல்ல வார்த்தையாத் தேடிப் போட்டேன். ‘கோட்டைக் கழற்றினால் நீதியின் கம்பீரமே கழன்று விழும்.’ எப்படி? கமிட்டித் தலைவரு படிச்சிட்டுக் கண்ணத் தொடைச்சாராம், பியூன் சொன்னான். வேர்வையா இருந்திருக்கும்.

கோட்டு நெலச்சுது. ஆனா மயங்கி விழறவங்களுக்கு ஒரு வழி பண்ணணுமில்ல? ஏசி வாங்கினாங்க. முன்பக்கம் மாட்டினா கட்டடத்தோட அழகு கெடுமாம், அதனால பின்பக்கம். அதுக்கான கரண்டும் ஊருக்கு வெளிய நிலக்கரிய எரிச்சுத்தான் வருது. ஆக, கப்பல்ல வந்தவங்க பாதியில விட்டுட்டுப் போன வேலைய, யாரும் கேக்காமயே நான் எடுத்து நடத்தியிருக்கேன்.

சிரிங்க. நானும் இந்தக் கோடை வரைக்கும் சிரிச்சிட்டுத்தான் இருந்தேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம். காஜா எடுத்துக்கிட்டிருந்தவ அப்படியே மேஜ மேல சாஞ்சுட்டா. நான் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே பேசிக்கிட்டிருந்தேன் சார், இப்பப் பேசறனே, இதே மாதிரி. எவ்வளவு நேரம்னு தெரியல. என்னடா, ஒரு ‘ம்’ கூட வரலையேன்னு திரும்பினா... ஊசி விரல்லயே இருக்கு.

பொழச்சுட்டா. வெயில் தாக்கினதுன்னாரு டாக்டரு. கை நடுக்கந்தான் நிக்கல. ஊசியில நூலு கோக்க முடியல அவளால. வீட்டுக்கு வந்த அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு சொன்னா.

“அந்த மனுவ நல்லாத்தான் எழுதியிருந்தீங்க.”

திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு.

அப்புறம் இன்னொரு மனு எழுதினேன், கோட்டு வேணாம்னு. அந்தப் பத்து பேருல ஒருத்தன்கூடக் கையெழுத்துப் போடல. நான் மட்டும் போட்டேன். பதில் வந்துச்சு. கோட்டு நீதியோட கம்பீரம்னு தையக்காரங்க சங்கமே முன்னாடி சொல்லியிருக்கறதால, இப்ப மாத்த முகாந்திரம் இல்லையாம். என் வார்த்தையவே எடுத்து எனக்கு அனுப்பியிருக்காங்க, நான் விட்ட எழுத்துப் பிழையோட. வக்கீலுங்க இருபது பேரு கேட்டா மறுபடி பாப்பாங்களாம்.

அதான் சார். கோட்டு தைக்க வந்தவருகிட்டயே இதக் கேக்கறது எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. காகிதம் இந்த டிராயர்லதான்... இருங்க... உங்களுக்கு மேல இன்னும் யாரும் போடல, மொத எடம் காலியாத்தான் இருக்கு. பேனா வச்சிருக்கீங்களா?

என்ன, கேஸ் கூப்பிட்டாங்களா? எனக்கு ஒண்ணும் காதுல விழலையே. சரி, சரி, சாயங்காலம் வந்து போடுங்க. சார், அப்படியே போறீங்களே, உங்க பழைய கோட்டு இங்க ஆணியில தொங்குது. கோட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்க சார். வெயில்ல திரும்பி வராதீங்க, அங்கேயே நில்லுங்க. நானே எடுத்துட்டு ஓடியாரேன்.