பாதி திறந்த தீப்பெட்டி

மேடையில் வீற்றிருக்கும் ஆட்சிக்குழுப் பெருமக்களே, துயரத்திலும் எங்களுக்கு முன்பே வந்து அமர்ந்திருக்கும் திருமதி ஹேரியட் டன்வுடி அம்மையார் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்து நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்ட என் நண்பர் ஐசக் டைட்டஸ் அவர்களே, பேராசிரியர்களே, மாணவச் செல்வங்களே, ஆற்றின் மேலும் கீழுமிருந்து பனியில் வந்து சேர்ந்த பர்ச் லேண்டிங் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர், டாக்டர் லைமன் டன்வுடி அவர்கள் மறைந்துவிட்டார். முதல் தலைவர் என்று சொல்லிவிட்டால் போதுமா? முதல் மணி அடித்தவரும் அவர்தான். மணி என்று ஏது? படகுத்துறையில் கிடந்த இரும்புத் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடிப்பார். ஆறு மாணவர்கள் வருவார்கள். முதல் கூரையின் ஓட்டையை அடைத்தவர் அவர். லத்தீனும் நிலவியலும் ஒரே காலையில் நடத்தியவர் அவர். கல்லூரித் தோட்டத்து முட்டைக்கோஸைக் கடமான் தின்ன வந்தபோது, அதையும் மாணவராகச் சேர்த்துக்கொள்ளலாமே, எண்ணிக்கை ஏழாகுமே என்று ஆட்சிக்குழுவுக்கு எழுதியவரும் அவரேதான்!

அந்தக் காலத்தில் எங்களுக்கு நாட்காட்டி கிடையாது. கடைசிப் படகு வந்தால் கல்லூரி திறக்கும். ஆற்றில் பனி உடைந்தால் தேர்வு முடியும். அவர் மேசையில் ஒரு ஜாடியில் புளித்த மாவு எப்போதும் இருக்கும். குளிர் கடுமையான நாட்களில் அந்த ஜாடியை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பார். பாடம் சூடு பிடித்ததோ இல்லையோ, மாவு பொங்கிவிடும். மறுநாள் காலை அப்பம் உண்டு. அந்த அப்பத்தின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அந்த நாட்கள் இனி வரப்போவதில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பட்டத்தை நினைத்துப் பாருங்கள். கீழே அவர் கையெழுத்து கோணலாக, இடப்புறம் சாய்ந்து இருக்கும். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லாததால் அவர் இடக்கையால் எழுதப் பழகியவர். அந்த விரல்கள் எப்படிப் போயின? கரடி கடித்தது என்று ஒரு வகுப்பு சொல்லும். மர அறுவை ஆலையில் போனது என்று அடுத்த வகுப்பு சொல்லும். ஆட்சிக்குழுவோடு கைகுலுக்கினார், திரும்பிவரும்போது மூன்றுதான் இருந்தன என்று சொன்ன குறும்பர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இன்று இதே மேடையில், ஆட்சிக்குழுவிலேயே இருக்கிறார். டாக்டர் டன்வுடி எல்லாக் கதைகளையும் கேட்டுச் சிரிப்பார். எதையும் மறுக்க மாட்டார்.

அன்பர்களே, உண்மைக் கதை எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியும். அதை இன்று சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் மனிதன் அல்ல.

முதல் குளிர்காலம். தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த கணிதப் பேராசிரியர் நான். ஜனவரியில் என் துணிவு தீர்ந்துபோனது. இருட்டு, குளிர், ஆறு மாணவர்கள்! இதற்காகவா படித்தோம் என்று, ஒரு விலகல் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும் பாதையில் தனியாக நடந்தேன். ஓடினேன் என்பதுதான் சரி. முதல் இரவை, வழிப்போக்கர்களுக்காகத் திறந்தே கிடக்கும் பாதையோரக் குடிசையில் கழித்தேன். அடுப்பில் யாரோ சுள்ளியும், சட்டென்று தீப்பிடிக்கும் பர்ச் மரப் பட்டையும் அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அத்தனையையும் எரித்தேன். காலையில் தீப்பெட்டியை இறுக மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். சுத்தமாக விட்டுவந்தோம் என்று பெருமை வேறு.

இங்கே பிறந்தவர்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. ஆம். இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்தது கணிதப் பேராசிரியருக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அதே குடிசைக்கு டாக்டர் டன்வுடி வந்தார். கல்லூரியைத் தொடர்ந்து நடத்தும் அனுமதிக்காகத் தலைநகரின் சட்டமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது தபால் கொண்டுபோன நம் ஐசக்கின், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் வந்தார். வண்டி ஆற்றைக் கடக்கையில், பனிக்கட்டிக்கு மேல் ஏறி நின்ற தண்ணீரில் சிக்கியது. வண்டியைத் தூக்கியதில் அவர் கையுறைகள் நனைந்தன. நீங்கள் முன்னே போய் நெருப்பு மூட்டுங்கள் என்று ஐசக் அவரை அனுப்பிவிட்டு, நாய்களின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குடிசையில் அவர் கண்டது என்ன? வெறும் அடுப்பு. வெட்டாத கட்டை. மூடிய தீப்பெட்டி. விறைத்த விரல்களால் அந்தப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. பல்லால் கடித்துத் திறந்தார், குச்சிகள் சிதறின, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. ஐசக் வந்து சேர்வதற்குள் இரண்டு விரல்கள் குளிரில் உறைந்து செத்துவிட்டன.

மறுநாள் மதியம், நான் தங்கியிருந்த அடுத்த பாதையோர விடுதியில் அவரை எதிர்கொண்டேன். கையில் பெரிய கட்டு. என் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. தான் திரும்பிவர ஆறு வாரமாகும், அதுவரை இயற்கணிதம் யார் நடத்துவது என்றுதான் கவலைப்பட்டார். அவர் சூப் குடிக்க உட்கார்ந்ததும் ஐசக் என்னை வெளியே அழைத்தார்.

"வாத்தியாரே, உங்க காலடித் தடம் குடிசை வாசல்லேர்ந்து இங்க வரைக்கும் வருது. அடுப்பை அடுக்கி வைக்காம யாராவது கிளம்புவாங்களா? தீப்பெட்டியைப் பாதி திறந்து, குச்சி வெளிய நீட்டிட்டிருக்கற மாதிரி வைக்கணும். பின்னால வர்றவனுக்கு விரல் மடங்காதுய்யா."

 டாக்டர் டன்வுடிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தடத்தை நான் மட்டுந்தான் பாத்தேனா? யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டாரு. அதனாலதான் உங்களை இன்னும் நாய்க்குப் போடல."

நான் திரும்பி வந்தேன். இயற்கணிதம் நடத்தினேன்.

அங்கே சட்டமன்றத்தில் என்ன நடந்தது? தெற்கிலிருந்து வரும் படிப்பாளிகளுக்கு ஒரு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது, இவர்களுக்கு வடக்கே எதற்குக் கல்லூரி என்று ஓர் உறுப்பினர் முழங்கினார். கை என்ன ஆயிற்று என்றும் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் கல்லூரி அன்றோடு முடிந்திருக்கும். டாக்டர் டன்வுடி எழுந்து சொன்னாராம்: "கையுறை நனைஞ்சிருச்சு. கவனமா இல்லாதது என் தப்பு." இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது. நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த மண்டபம் அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது, அன்பர்களே!

அதன் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தேன். எத்தனை முறை வாயெடுத்தேன்! ஒவ்வொரு முறையும் அவர் முட்டைக்கோஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அவர் ஓய்வு பெற்றதும் நான் இரண்டாம் தலைவரானேன். முதல் நாள் காலை அவர் அறைக்குள் நுழைந்தேன். அறையைச் சூடாக்க நீராவிக் குழாய் வந்தபின் யாரும் தொடாத பழைய அடுப்பு மூலையில் இருந்தது. அதில் சுள்ளி அடுக்கியிருந்தது. பர்ச் பட்டை செருகியிருந்தது. மேலே ஒரு தீப்பெட்டி, பாதி திறந்து, குச்சிகள் வெளியே நீட்டியபடி இருந்தது. அந்தச் சுள்ளிகள் மூன்று விரல் கையால் சீவியவை. நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஏழு ஆண்டுகள் அந்த அடுப்பை நான் மூட்டவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று நினைத்தேன். போன மாதம் ஐசக்கிடம் இதைச் சொன்னேன். "அடுக்கி வச்சதை எரிக்காம விடறதும் மரியாதைக் குறைவுதான், வாத்தியாரே. மனுஷன் உங்களுக்காகத்தானே வச்சாரு?" என்றார்.

ஹேரியட் அம்மையாரே, அந்தக் கையைக் கட்டுப் பிரித்துக் கழுவியவர் நீங்கள். அந்தக் குடிசையை வெறுமையாக விட்டுப்போனவன் நான்தான். முப்பத்து நான்கு ஆண்டு தாமதமாக, இத்தனை பேர் முன்னிலையில், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்று காலை அந்த அடுப்பை மூட்டினேன். புகை கண்டு காவலாளி வாளியோடு ஓடிவந்தார், அவரையும் உட்காரவைத்தேன். தணல் அடங்கும்வரை இருந்தோம். வருகிற ஜூனில் நானும் ஓய்வு பெறுகிறேன். எனக்குப் பின் வருபவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் போல ஒன்றும் தெரியாதவராகவும் இருக்கலாம். அவரை விரட்டாமல், கற்றுக்கொள்ளும்வரை காத்திருப்பதுதான் டாக்டர் டன்வுடி நமக்கு விட்டுச்சென்ற வேலை. அதை விடாமல் செய்வோம் என்று அவர் பெயரால் உறுதி கூறுவோம்.

சாம்பலை அள்ளிவிட்டுத்தான் இங்கே வந்தேன். சுள்ளி நானே வெட்டினேன். தீப்பெட்டி பாதி திறந்திருக்கிறது.